இலங்கைக் கறுவாவுக்கு ஏன் தனிப் போத்தல்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பனி கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து கடைக்குள் கால் வைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன வாசம் இது?" என்றுதான். பின்னறையில் ஒரு பானை கறுவாத் தண்ணீர் நாள் முழுக்க அடுப்பில் கிடக்கிறது. மெக்சிக்கோக்காரர் 'தே தெ கனேலா' என்று சொல்லும் கறுவாத் தேநீர் அது. பெயரில் தேநீர் இருந்தாலும் தேயிலை ஒரு துளியும் கிடையாது. கறுவா, தண்ணீர், இனிப்பு, அவ்வளவுதான்.

குடித்துப் பார்த்தவர்கள் எப்படிப் போடுவது என்று கேட்கிறீர்கள். அதைவிடக் கூடப் பேர் கேட்பது, கறுவாவுக்கு ஏன் இரண்டு போத்தல், அதில் ஒன்றின் விலை ஏன் மற்றதைப்போல மூன்று மடங்கு என்று. கல்லாவில் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது இதை ஆறுதலாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்புவரை இங்கே ஒரு போத்தல்தான் இருந்தது. மொத்த வியாபாரியிடமிருந்து வரும் பெட்டியில் 'சின்னமன்' என்று இருக்கும், நாங்களும் 'கறுவா' என்று எழுதி ஒட்டி விற்றோம். புளியும் காய்ந்த மிளகாயும் வாங்க வரும் ஒரு மெக்சிக்கோ அம்மா ஒருநாள் அந்தப் போத்தலைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார். பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், உடையவில்லை. மேசையில் தட்டினார், விறகுபோல 'டொக்' என்றது. "இது கனேலா இல்லை" என்று திரும்பப் போட்டுவிட்டார்.

அடுத்த முறை வரும்போது கைப்பையில் தன் வீட்டுக் கறுவாவில் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். சுருட்டுப்போல உள்ளே பல அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் கடதாசி மாதிரி. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக நெரித்தார், காய்ந்த வாழைச்சருகுபோல நொறுங்கியது. பைக்கற்றைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் 'ஸ்ரீலங்கா' என்று இருந்தது. "உங்கள் ஊர்ச் சாமான்தானே, உங்களிடம் இல்லையா?" என்று கேட்டார். இலங்கைத் தமிழன் நடத்துகிற கடையில் நின்று அதைக் கேட்டார். நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

நாங்கள் விற்றது காசியா. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் பக்கம் விளையும் அதே குடும்பத்து வேறு மரத்தின் பட்டை. இங்கே கடைகளில் சின்னமன் என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் 'பட்டை' என்று கேட்டு வாங்குவதும் பெரும்பாலும் அதுவே. நம்முடையதை அங்கே 'சுருள் பட்டை' என்று பிரித்துச் சொல்வார்கள். காசியா கெட்ட சாமான் இல்லை. ஆட்டிறைச்சிக் கறிக்கும் பிரியாணிக்கும் அதன் முரட்டு உறைப்பு நின்று பிடிக்கும். ஆனால் வெறும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்க அது ஆகாது. தொண்டையில் காரமாக இறங்கி, கடைசியில் நாக்கில் ஒரு கசப்பை விட்டுவிட்டுப் போகும்.

சரி, விலை. காசியாவை மரத்திலிருந்து உரித்துக் காயவைத்தால் அது தானாகவே ஒரு சுருளாகச் சுருண்டுகொள்ளும். தென்னிலங்கையில், காலி மாத்தறைப் பக்கத்தில், கறுவா உரிக்கிறவருடைய வேலை வேறு விதம். மழைக்குப் பிறகு பட்டை இளகி நிற்கும்போது கிளைகளை வெட்டி எடுப்பார். மேல்தோலை முழுக்கச் சுரண்டித் தள்ளிவிட்டு, பித்தளைக் கோலால் தேய்த்துத் தேய்த்து உள்பட்டையைத் தளர்த்துவார். அப்புறம் கத்தியால் கீறி, கிழியாமல் கழற்றி எடுப்பார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உள்ளே சிறு துண்டுகளை அடைத்து, 42 அங்குல நீளக் குழலாகச் சேர்ப்பார். அந்தக் குழல்கள் வெயிலில் காய்வதில்லை, கூரைக்குக் கீழே கயிற்றில் நிழலில் கிடந்து காயும். இவ்வளவும் கை வேலை. நல்லாய் உரிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டும் வருகிறார்கள். அந்தக் கூலிதான் விலையில் நிற்கிறது. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சின்னமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது, அங்கே இனி வேறு நாட்டுப் பட்டையை அந்தப் பெயரில் விற்க முடியாது.

இந்தக் குழல்களைத் தடிப்பை வைத்துத் தரம் பிரிப்பார்கள். ஆக மெல்லியது 'அல்பா', சுண்டுவிரலைவிட ஒல்லியாக இருக்கும். அடுத்தது 'கொன்டினென்டல்'. அதற்கும் தடித்த தரத்துக்குப் பெயரே 'மெக்சிக்கன்'. பெட்டியில் எம்5, எம்4 என்று இருப்பது அதுதான். ஒரு நாட்டின் பெயரையே தரத்துக்கு வைக்கிற அளவுக்கு அவர்கள் நீண்ட கால வாடிக்கையாளர்கள். இலங்கைக் கறுவாவை உலகத்தில் ஆகக்கூடுதலாக வாங்குவது பல வருடங்களாக மெக்சிக்கோதான். நாங்கள் கொழும்பு 7 ஐக் கறுவாத்தோட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அங்கே கறுவா வளர்ந்த காலத்தை மறந்துவிட்டோம். கறுவாவைத் தினமும் குடிப்பது அவர்கள்.

எப்படி அங்கே போனது என்பது ஒரு நீண்ட கதை. 1565 தொடங்கி 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் நடுவில் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. பட்டோடும் பீங்கானோடும் கறுவாவும் அதில் போனது. இதற்குள் 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசர். இலங்கைக் கறுவா அப்போது போர்த்துக்கீசர் கையில். 'கனேலா' என்ற சொல்லின் அடியில் இருப்பது லத்தீனில் 'சிறு குழாய்', பட்டையின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். இன்றைக்கு அங்கே பாற்சோறுபோலச் செய்யும் அரிசிப் பாலிலும், குடிக்கிற சொக்கலேற்றிலும், பானையில் காய்ச்சுகிற கோப்பியிலும் அது இல்லாமல் இல்லை.

இனிச் செய்முறை.

ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரில் 10 கிராம் கறுவாவைப் போடுங்கள். தராசு இல்லாதவர்கள், நடுவிரல் நீளத் துண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். கையால் இரண்டாக உடைத்துப் போட்டால் போதும், இடிக்க வேண்டாம். தூள் மட்டும் போடவே கூடாது. கறுவாவில் ஒரு பசைத்தன்மை இருக்கிறது; தூளாகப் போட்டால் அது ஊதி வழுவழுவென்று கஞ்சிபோல அடியில் நிற்கும், எந்த வடியிலும் நிற்காது.

கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்து, மூடி போட்டு, 15 நிமிடம் மெல்ல விடுங்கள். மூடி முக்கியம். கறுவாவின் எண்ணெய் ஆவியோடு போய்விடும். வீடு முழுக்க வாசம் வந்தால் கோப்பைக்குள் அவ்வளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். (கடையில் பானையைத் திறந்து வைத்திருக்கிறோமே என்று கேட்பீர்கள். அது வேண்டுமென்றுதான், வியாபாரம்.)

ஐந்தாவது நிமிடத்தில் திறந்து பார்த்தால் வைக்கோல் ஊறிய தண்ணீர்போல வெளிறிக் கிடக்கும். இவ்வளவுதானா என்று இருக்கும். அங்கேதான் பலர் பொறுமை இழந்து இன்னும் இரண்டு துண்டைப் போடுகிறார்கள். போடாதீர்கள். 15 நிமிடத்தில் பொன்னிறத்துக்கு வரும். அடுப்பை நிறுத்தி மூடியபடியே 10 நிமிடம் விட்டால், சூடு ஆற ஆற நிறம் இறங்கி, சிவந்த மரப்பலகை நிறத்தில் நிற்கும். வடித்துக் குடிக்க அதுதான் நேரம். பட்டையை எறிய வேண்டாம், அரை லீற்றர் தண்ணீரில் இன்னொருமுறை 20 நிமிடம் காய்ச்சலாம். இரண்டாவது தண்ணீர் சாதுவாக இருக்கும், எனக்கு இரவில் அதுதான் பிடிக்கும்.

இனிப்புக்கு அவர்கள் போடுவது 'பிலோன்சியோ'. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கூம்பு அச்சில் ஊற்றி எடுக்கும் வெல்லம். அடுப்பைக் குறைக்கிற நேரத்தில் அதில் ஒரு துண்டை, லீற்றருக்கு 60 கிராம் அளவில், போட்டுக் கரையவிடுவார்கள். நம்மிடம் இருப்பதில் அதற்கு ஆகக் கிட்ட வருவது அச்சுவெல்லம். நாட்டுச் சர்க்கரையும் பரவாயில்லை. பனங்கட்டி போட்டுப் பார்த்தோம், நல்ல ருசிதான், ஆனால் பனங்கட்டி வாசம் முன்னுக்கு வந்து கறுவா பின்னுக்குப் போய்விடுகிறது. பனங்கட்டிதான் வேண்டும் என்றால் பிளேன்ரீக்குக் கடிப்பதுபோலக் கடித்துக்கொண்டு குடியுங்கள். வெள்ளைச் சீனி போட்டால் இனிக்கும், வேறு ஒன்றும் நடக்காது.

பால் விடலாமா என்று பலர் கேட்டீர்கள். விடலாம், அங்கேயும் பிள்ளைகளுக்குப் பால் விட்டுக் கொடுப்பார்கள், ரின் பாலும் விடுவார்கள். வடித்த பிறகு விடுங்கள். கிராம்பு ஒன்று, தோடம்பழத் தோல் ஒரு கீற்று போடுகிற வீடுகளும் உண்டு. பெரியவர்கள் குளிருக்குக் கொஞ்சம் சாராயம் விட்டுக் குடிப்பதும் வழக்கம். அதற்குப் பெயர் 'கொன் பிகேத்தே'. குளவி கொட்டுமே, அந்தக் கொட்டுச் சேர்ந்தது என்று அர்த்தம்.

அந்த அம்மா சொன்ன ஒன்று மனதில் நிற்கிறது. அவர்கள் ஊரில் செத்தவீட்டில் இரவு முழுக்க விழித்திருப்பார்கள். வருகிறவர்களுக்குப் பெரிய பானையில் கோப்பியும் கறுவாத் தேநீரும் கொதித்துக்கொண்டே இருக்கும், கூடவே இனிப்புப் பாண். நம் ஊர்ச் செத்தவீட்டில் விடிய விடியத் தேத்தண்ணி ஊற்றுவது ஞாபகம் வந்தது. டிசம்பர் 16 முதல் 24 வரை நத்தாருக்கு முன்னான ஒன்பது இரவுகளிலும் இதே கறுவாவோடு கொய்யாவும் கரும்பும் போட்டு வேறொரு பானம் காய்ச்சுகிறார்கள். அது தனிச் சமையல்.

மண் பானையில் காய்ச்சினால்தான் ருசி என்று அவர்கள் சொல்வார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் பழைய மெக்சிக்கோ மண் பாத்திரங்களின் பளபளப்பான பூச்சில் ஈயம் இருப்பதுண்டு. ஈயம் இல்லாதது என்று எழுதி விற்பதை மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் எவர்சில்வர் பானையே போதும், நாங்களும் அதில்தான் காய்ச்சுகிறோம்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்கிறவர்களுக்கு: மெக்சிக்கோவில் வயிற்று வலிக்கும் மாதவிடாய் நோவுக்கும் இதைக் கொடுப்பார்கள். அது வீட்டு வைத்தியம், நான் மருந்து விற்கவில்லை. ஆனால் தினமும் குடிக்கப்போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காசியாவில் கூமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. அளவு மிஞ்சினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் மிஞ்சக்கூடாத அளவு, உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். ஜேர்மனிய அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பார்த்த அளவில், ஏறக்குறைய 2 கிராம் காசியாத் தூளிலேயே அவ்வளவும் வந்துவிடலாம். இலங்கைக் கறுவாவில் அது இருக்கிறதா இல்லையா என்ற அளவுதான். இடைக்கிடை கறியில் போடுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பானை பானையாகக் காய்ச்சிக் குடிப்பதென்றால் இலங்கைக் கறுவாவையே வாங்குங்கள். ஈரல் நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

இனி இரண்டு போத்தலிலும் பெயர் சரியாக இருக்கும். ஒன்றில் 'காசியாப் பட்டை', மற்றதில் 'இலங்கைக் கறுவா, எம்4'. தேநீருக்கு அல்பா வேண்டாம். அதன் நளினம் பானைத் தண்ணீரில் காணாமல் போய்விடும், காசும்தான் கூட. அதனால் நாங்கள் அதை எடுப்பதில்லை. எம்4 ஐ 50 கிராம் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறோம், ஐந்து முறை காய்ச்சலாம். வாங்குமுன் ஒரு துண்டை நெரித்துப் பாருங்கள். நொறுங்காவிட்டால் திருப்பித் தந்துவிடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம்.

முன்பு எங்களிடம் கறுவா என்று நம்பிக் காசியா வாங்கியவர்கள் வீட்டில் மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள். பைக்கற் திறந்திருந்தாலும் பரவாயில்லை, அதே நிறைக்கு எம்4 தருகிறோம்.

அந்த அம்மா இப்போது புளியோடு கறுவாவும் இங்கேயே வாங்குகிறார். போன கிழமை எங்கள் பானையில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிப்புக் காணாது" என்றார்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்