மீனாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. நீ அனுப்பிய பணம் அன்றைக்கே வந்துவிட்டது, தம்பி செமஸ்டர் ஃபீஸ் கட்டிவிட்டான். இதையெல்லாம் வாட்ஸாப்பிலேயே போட்டிருக்கலாம். அதில் நீ நீல டிக்கோடு நிறுத்திக்கொள்கிறாய், அதனால்தான் காகிதம்.

கிருமியை இனம் பிரிக்கும் ஆக்சிடேஸ் டெஸ்டுக்கான ரீஏஜென்ட்டை உங்கள் லேப்பில் தினமும் புதிதாகக் கரைக்கிறீர்களா என்று போன வாரம் கேட்டேன். "அதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். "இருக்கும்" என்றால் எப்படி? காற்றுப் பட்டாலே அது தானாக ஊதாவாகிவிடும். நிறம் ஏறியிருந்தால் யோசிக்காமல் கொட்டு. பிளேட்டில் வளர்ந்த கிருமிக் காலனியை நிக்ரோம் கம்பி லூப்பால் எடுக்காதே, அந்தக் கம்பியே பொய்யாக ஊதா காட்டும். மரக்குச்சி போதும். 10 விநாடிக்குள் நிறம் வந்தால்தான் பாசிட்டிவ், அதற்கு மேல் காத்திருந்து பார்ப்பதில் அர்த்தம் இல்லை. மெக்காங்கி பிளேட்டிலிருந்தும் எடுக்காதே.

உனக்குத் தெரியாததா. எம்எஸ்ஸி படித்தவள் நீ, நான் வெறும் டிஎம்எல்டி டிப்ளமோ. ஆனாலும் காலையில் லேப்பைத் திறந்ததும் ரீஏஜென்ட் சரியா என்று பார்க்க, தெரிந்த கிருமி இரண்டைக் கண்ட்ரோலாகப் போடுவோம். ஃபில்டர் பேப்பரில் முதலில் சூடோமோனாஸ், பக்கத்தில் ஈ.கோலை. ஒன்று ஊதாவாக வேண்டும், இன்னொன்று ஆகக் கூடாது. அப்புறம்தான் நோயாளியின் காலனியைத் தொடுவோம். 27853, 25922. உங்கப்பா போன் நம்பரை டைரியில் பார்த்துத்தான் சொல்வேன், அந்த இரண்டு கண்ட்ரோல் கிருமிகளின் ஏடிசிசி நம்பரும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். சிலர் பாசிட்டிவ் மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். ரீஏஜென்ட் செத்துப்போயிருந்தால் அது காட்டிக்கொடுக்கும், வாஸ்தவம்தான். கெட்டுப்போன ரீஏஜென்ட் எதைத் தொட்டாலும் ஊதா காட்டினால்? அதை நெகட்டிவ் போட்டால்தான் பிடிக்க முடியும்.

இண்டோல் டெஸ்டும் அப்படித்தான். கோவாக்ஸ் ரீஏஜென்ட் விட்டதும் ஈ.கோலை டியூபில் சிவப்பு வளையம் வர வேண்டும், குளெப்சியெல்லா நிமோனியே டியூபில் மஞ்சளாகவே நிற்க வேண்டும். கேட்டலேஸ் டெஸ்டுக்கு ரத்தம் கலந்த பிளட் அகாரிலிருந்து எடுத்தால் ரத்த அணுவே நுரை கிளப்பிவிடும். கோயாகுலேஸ் டியூபை 4 மணி நேரத்தில் ஒரு தடவை பார்த்துவிடு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உறைந்த கட்டி கரைந்திருக்கும், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை இல்லை என்று எழுதிவிடுவாய். சரி, போதும். நீ சிரிப்பது தெரிகிறது. சிரித்தால் நல்லது.

கோடி வீட்டு மாமி நேற்று ஒரு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சென்னையில் அவள் மகளுக்கு எடுத்த யூரின் கல்ச்சர். கீழே உன் பெயர், உன் கையெழுத்து. "உங்க மீனா போட்டதுன்னா கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறந்தநாளுக்கு லேப்பில் கேக் வெட்டிய போட்டோ அனுப்பினாயே, நன்றாக இருந்தது. இளைத்துப் போயிருக்கிறாய். பின்னால் மேஜையில், தினமும் கண்ட்ரோல் போட்டதை எழுதும் ரெஜிஸ்டர் திறந்து கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். மாதம் முழுக்க ஒரே மை, ஒரே சாய்வு. பொங்கல் அன்றைக்கும் பாசிட்டிவ் ஓகே, நெகட்டிவ் ஓகே. பொங்கலுக்கு நீ இங்கே எங்களோடு இருந்தாய். அந்த ஓகேயில் வால் நீட்டும் எழுத்து யாருடையது என்று பெற்றவளுக்குத் தெரியாதா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பாவின் ரேஷன் கடை ரெஜிஸ்டர் விஷயம் உனக்கு நினைவிருக்கும், அதையும் இங்கே எழுதவில்லை.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். மழைக்குப் பிறகு சேற்றில் வேலை செய்த ஒரு விவசாயி, சர்க்கரை நோய்க்காரர், காய்ச்சலோடு வருகிறார். பிளட் கல்ச்சரில் கிராம்-நெகட்டிவ் கிருமி ஒன்று. டிஎஸ்ஐ டியூபின் அடிப்பகுதி மஞ்சளாகவில்லை, அதாவது சர்க்கரையைப் புளிக்க வைக்காத ஜாதி. ஆக்சிடேஸ் போடுகிறாய். ரீஏஜென்ட் செத்தது, நிறம் வரவில்லை. ஆக்சிடேஸ் நெகட்டிவ்தானே, அசினிட்டோபாக்டர் கிருமி என்று எழுதிவிடலாம். அது சேற்று மண்ணிலிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் கிருமியாக இருந்தால்? நல்ல ரீஏஜென்ட்டாக இருந்தால் ஊதாவாகியிருக்கும். அதோடு ஜென்டாமைசின் மருந்துக்கும் கேட்கவில்லை, கொலிஸ்டினுக்கும் கேட்கவில்லை என்று வந்திருந்தால் உனக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். அதற்கு ஊசியே 2 வாரத்துக்குக் குறையாது, அப்புறம் 3 மாதமாவது கோட்ரைமாக்சசோல். இது எதுவும் கிடைக்காமல் அந்த மனிதர் கிடப்பார். ரெஜிஸ்டரில் எல்லாம் ஓகேதான். இன்னொன்று, எந்த பிளேட்டையும் முகர்ந்து பார்க்காதே. அந்தப் பழக்கம் உனக்கு காலேஜிலேயே இருந்தது, அன்றைக்கும் திட்டினேன்.

கண்ட்ரோலுக்கான கிருமி ஸ்ட்ரெய்னை லேப்பில் வாங்கித் தராவிட்டால் எழுத்தில் கேள். சண்டிகர் எம்டிசிசி கிருமி சேமிப்பகத்தில் கிடைக்கும். போடாத அன்றைக்கு "போடவில்லை" என்று எழுது, அதற்கு யாரும் உன்னைத் தூக்கில் போடமாட்டார்கள். மிஞ்சிப் போனால் வேலை போகும்.

போனால் போகட்டும். ஃபீஸை நினைத்துத்தான் நீ வாய் திறக்கவில்லை என்றால், அந்த நினைப்பை விடு. பேங்கில் கல்விக் கடனுக்கு விசாரித்து வைத்திருக்கிறேன், என் பென்ஷனும் இருக்கிறது. உங்கப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் முதலில் கத்துவார், அப்புறம் கையெழுத்துப் போடுவார்.

புதன்கிழமை தம்பி காலேஜ் வேலையாகச் சென்னை வருகிறான். நாரத்தங்காய் ஊறுகாயும் இட்லிப்பொடியும் கொடுத்து விடுகிறேன். அவனிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, நீயும் விடாதே. ஞாயிற்றுக்கிழமை 4 மணிக்கு மேல் கூப்பிடு, உங்கப்பா சங்கக் கூட்டத்துக்குப் போயிருப்பார்.

அம்மா