மூன்று நோட்டுப் புத்தகங்களுக்கு எங்கள் நன்றி

மழலையர் காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா அவர்களுக்கும், பராமரிப்பாளர்கள் அனைவருக்கும், ஆயாம்மாவுக்கும் வணக்கம்.

9 மாதக் கைக்குழந்தையாக உங்களிடம் வந்த எங்கள் மகள், 4 வயது நிறைந்து பள்ளியில் சேரப் போகிறாள். அவளைக் கவனித்து நீங்கள் குறிப்பெழுதி வந்து, விடைபெற்ற நாளில் எங்கள் கையில் கொடுத்த மூன்று நோட்டுப் புத்தகங்களையும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்து முடித்தோம். நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தபோது எங்கள் இருவருக்குமே சொல் எழவில்லை. ஆகவே இந்த மடலை எழுதுகிறோம். பிள்ளைகளை உங்களிடம் விட்டிருக்கும் மற்றப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே பொதுவில் எழுதுகிறோம்.

முதல் நாளின் குறிப்பு இப்படி இருக்கிறது: "காலை 9.10 முதல் 9.21 வரை அழுதாள். அம்மாவின் கைக்குட்டையை இடக்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜன்னலருகே தூக்கிச் சென்றதும் அழுகை அடங்கியது. சுவரில் ஆடிய இலை நிழலைத் தொடக் கை நீட்டினாள்." அன்று மாலை இதை நீங்கள் மறைக்காமல் எங்களுக்குப் படித்துக் காட்டினீர்கள். 'சமர்த்தாக இருந்தாள்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எங்களுக்கும் அது ஆறுதலாகவே இருந்திருக்கும். ஆனால் 11 நிமிடம் அழுதாள் என்று நீங்கள் சொன்னதால்தான், பன்னிரண்டாம் நிமிடத்தில் அவள் அழவில்லை என்பதை எங்களால் நம்ப முடிந்தது.

அவள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடி ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி நகர்ந்து திரிந்தாள். 14 மாதமாகியும் நடக்காததால் நாங்கள் கலங்கி நின்றபோது, பொறுப்பாளர் அம்மா எங்களை உட்கார வைத்து, உலக சுகாதார அமைப்பு 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட அட்டவணையைக் காட்டினார். துணையின்றி நடக்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்குச் சற்று மேல் வரை விரிந்திருக்கிறது என்பதும், அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்குச் சற்று அதிகமானோர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே அந்தப் பருவத்தைக் கடந்தார்கள் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தன. அட்டவணையைக் காட்டியதோடு நிற்காமல், எங்கள் மகள் எதைப் பிடித்து எழுந்தாள், எத்தனை நொடி நின்றாள் என்று நாள்வாரியாக எழுதியிருந்த பக்கங்களையும் அதன் அருகில் வைத்தார். எங்கள் பதற்றத்தைத் தணித்தவை அந்தப் பக்கங்களே. செங்கீரை, சப்பாணி, வாரானை என்று குழந்தையின் பருவங்களுக்குப் பெயரிட்டுப் பாடிய மொழி நம்முடையது. பருவத்தைத் தேர்வு மதிப்பெண்ணாகப் பார்க்கும் பதற்றம் எங்களுக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி நாங்கள் ஆயுள் முழுவதும் கடன்பட்டிருக்கும் செய்திக்கு வருகிறோம். 22 மாதத்தில் அவள் பேசிய சொற்கள் மிகக் குறைவு. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்ப மாட்டாள். பிடிவாதம் என்று நாங்கள் நினைத்தோம், கடிந்தும் கொண்டோம். அதை எழுதும்போது இப்போதும் மனம் வலிக்கிறது. உங்கள் இரண்டாம் நோட்டில், மூன்று வார இடைவெளிக்குள், இரண்டு பேருடைய கையெழுத்தில் ஆறு குறிப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று: "மின்விசிறி ஓடும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. விசிறியை நிறுத்திவிட்டு அதே இடத்திலிருந்து அழைத்தேன், திரும்பினாள்." பிடிவாதம் என்ற சொல்லோ, கவனக்குறைவு என்ற சொல்லோ அந்த ஆறில் எங்கும் இல்லை. கண்ணால் கண்டது மட்டுமே இருக்கிறது. அந்தப் பக்கங்களோடு மருத்துவரிடம் போனோம். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் கோத்திருப்பதாகக் கண்டறிந்த மருத்துவர், பெரும்பாலும் அது தானே வடிந்துவிடும் என்று சொல்லி, மூன்று மாதம் பொறுத்து மறுபடி காதைச் சோதிக்கச் சொன்னார். அதுவரை அவள் முகத்துக்கு நேரே அமர்ந்து பேசுவது, பேசும்போது விசிறியையும் வானொலியையும் நிறுத்துவது என்று நீங்கள் அனைவரும் ஒன்றுபோலக் கடைப்பிடித்தீர்கள். நீர் வடிந்தது; சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவை வந்த தேதிகளும் நோட்டில் இருக்கின்றன.

ஆயாம்மாவுக்குத் தனியே சொல்ல வேண்டும். தமக்கு எழுத வராது என்று அவர் ஒதுங்கியபோது, அவர் வாய்மொழியாகச் சொன்னதை மற்றவர்கள் கேட்டெழுதி, ஒவ்வொன்றின் கீழும் 'ஆயாம்மா சொன்னது' என்று குறித்திருக்கிறார்கள். தரையில் கிடந்த நூல் துணுக்கை எங்கள் மகள் முதன்முதலில் கட்டைவிரலாலும் ஆட்காட்டிவிரலாலும் கிள்ளி எடுத்ததைக் கண்டவர் அவர்தான். அதை வாயில் போடுவதற்குள் வாங்கிக்கொண்டதாகவும் அதே வரியில் இருக்கிறது.

புகைப்படங்கள் எண்ணிக்கையில் குறைவு, அதற்கும் நன்றி. குழந்தை அழும்போதும், குளிக்கும்போதும், உடை மாற்றும்போதும் படம் எடுப்பதில்லை என்றும், எங்களைக் கேட்காமல் எந்தப் படத்தையும் எந்தக் குழுவிலும் பகிர்வதில்லை என்றும் சேர்த்த நாளன்றே சொன்னீர்கள். கடைசி நாள் வரை அப்படியே நடந்தீர்கள். மற்றக் குழந்தைகளைப் பற்றிய இடங்களில் பெயர் இல்லாமல் 'தோழி' என்றே எழுதியிருப்பதையும் கவனித்தோம். இத்தனையும் எழுத நேரம் வேண்டும். குழந்தைகள் உறங்கும் வேளையில் ஒருவர் காவலிருக்க மற்றவர் எழுதும்படி தினமும் அரை மணி நேரத்தை ஒதுக்கித் தந்த பொறுப்பாளர் அம்மாவை மற்றப் பெற்றோர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

வளர்ந்தவர்களின் நினைவு பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்னால் எட்டுவதில்லை. இலை நிழலுக்குக் கை நீட்டியதை அவள் தானாக நினைவுகூரப் போவதில்லை. இப்போது இரவில் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கச் சொல்கிறாள், கேட்டுவிட்டு, "நான் தொட்டேனா?" என்று கேட்கிறாள். நோட்டில் அது இல்லை. உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் அவளிடம் சொல்லுங்கள்.

காது பற்றிய அந்த ஆறு குறிப்புகளைப் புதிதாகச் சேரும் பராமரிப்பாளர்களுக்குக் காட்ட எங்கள் அனுமதியைக் கேட்டிருந்தீர்கள். மகளின் பெயரை மறைத்துவிட்டுத் தாராளமாகக் காட்டலாம். நகல் எடுத்துக்கொள்ள இரண்டாம் நோட்டை அடுத்த வாரம் அவளே கொண்டுவந்து தருவாள்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்