நீ பேசும்போது நான் ஏன் தூங்கினேன்

சிவமயம்
காரைக்குடி

அன்பு மகளுக்கு,

ஆத்தா எழுதுவது. பொங்கலன்று நீ சிட்னியிலிருந்து முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, உன் புது வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய இடத்திலேயே நான் கண்ணயர்ந்துவிட்டேன். ‘என் பேச்சு ஆத்தாவுக்குச் சலித்துவிட்டது’ என்று நீ வருந்தியதைப் பிறகு அப்பச்சி சொன்னார்கள். காரணம் சலிப்பல்ல; தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் (ஸ்லீப் ஆப்னியா). வாயால் விளக்கினால் பாதியில் அழுதுவிடுவேன், ஆகவே எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதிலிருந்தே, எட்டு மணி நேரம் படுத்தாலும் அடித்துப்போட்டாற்போலத்தான் எழுந்தேன். காலையில் தலைவலி, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். போன ஆண்டு ஆடியில் கும்மாயம் கிளறும்போது, பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரத்தச் சோகை, தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது; ஒன்றிலும் குறையில்லை. ‘இந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான்’ என்று சொல்லி ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டபின் சோர்வு கூடியதே தவிரக் குறையவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது என் நாத்தனார், உன் அயித்தைதான். வைகாசியில் கானாடுகாத்தான் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பெண்கள் எல்லோரும் இரண்டாங்கட்டில் பாய் விரித்து வரிசையாகப் படுத்தோம். விடிந்ததும் அயித்தை என்னைத் தனியே அழைத்து, “அண்ணமிண்டி, நீங்க பெரிசா குறட்டைகூட விடலை. மூச்சே விடாம கிடந்து, பிறகு திடுக்குன்னு இழுத்தீங்க. பயந்து உட்கார்ந்தே இருந்தேன்” என்றாள். அப்பச்சி பல ஆண்டுகளாக முகப்பில் படுப்பதால், இதைக் கேட்க வீட்டில் ஆளே இல்லாமல் போயிற்று.

மதுரையில் நுரையீரல் மருத்துவரைப் பார்த்தோம். ஓர் இரவு தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்துப் பதிவு செய்தார்கள். குறைந்தது பத்து விநாடி மூச்சு நிற்பதையும் குறைவதையும் எண்ணுவார்களாம். மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 15க்கு மேல் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 22, அதிலும் பெரும்பகுதி கனவு காணும் தூக்கத்தில்தான். அப்படிப் பல முறை மூளை என்னைச் சற்றே எழுப்பி மூச்சை மீட்டிருக்கிறது. காலையில் அதில் ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை.

மூச்சைத் தூண்டுவதும் தொண்டைத் தசைகளைத் தொய்யவிடாமல் தாங்குவதுமாக இருந்த புரோஜெஸ்ட்ரான் குறைந்துபோவதாலும், உடம்பின் கொழுப்பு வயிற்றுக்கும் கழுத்துக்கும் இடம் மாறுவதாலும், மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்த மூச்சுத்தடை கூடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். ஆண்களுக்கு ஊரே எழும் குறட்டை காட்டிக்கொடுத்துவிடும். பெண்கள் பலர் சோர்வு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவதால் சந்தேகம் அந்தப் பக்கம் போவதில்லையாம். தொண்டையை மேலும் தளரவிடும் என்று தூக்க மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கவனியாமல் விட்டால் இரத்த அழுத்தமும் பக்கவாத ஆபத்தும் கூடும் என்றார்.

அப்போது உன் ஆயா நினைவு வந்தது. பட்டாலைத் தூணில் சாய்ந்து பகலெல்லாம் தூங்கிய அவர்களை, ‘சாமியோடு பேசுகிறார்கள்’ என்று நாங்கள் கேலி செய்வோம். அவர்களுக்கும் இதுதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது; ஆனாலும் மனம் கூசுகிறது.

இப்போது இரவில் சிபாப் கருவியோடு படுக்கிறேன். முகமூடி வழியாக வரும் காற்றின் அழுத்தம் தொண்டையைத் திறந்தே வைக்கிறது. அதை முதன்முதலாகப் பயன்படுத்திக் காட்டி, 1981இல் மருத்துவ இதழில் எழுதிய காலின் சல்லிவன் நீ இருக்கும் சிட்னியைச் சேர்ந்த மருத்துவர்தானாம். முதல் வாரம் மூக்கு வறண்டு, கன்னத்தில் வார் தழும்பு பதிந்து, கழற்றி எறிந்துவிடலாமா என்றிருந்தது. நம் ஊரில் மின்சாரம் போகும் இரவுகளில் இன்றும் தொல்லைதான். மூன்றாவது வாரம் ஒரு காலையில் தலைவலி இல்லாமல் எழுந்து, வளவு முழுவதும் நானே கூட்டிப் பெருக்கினேன். அப்பச்சி காபித் தம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. உன் வேலையைப் பற்றிப் பொங்கலன்று தொடங்கிய இடத்திலிருந்து சொல். அங்கே உன் மேலாளர் பெயர் என்ன என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆத்தா