கமரா வாங்க வேண்டாம், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

போன கிழமை நீங்கள் போன் எடுத்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஒரே ஹோர்ன் சத்தம், பக்கத்தில் றால் பெட்டியோடு ஒரு ஐயா. நீங்கள் சொன்னதில் பாதிதான் கேட்டது. திருக்கோவிலில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் செய்தி எழுதவும் படங்களால் கதை சொல்லவும் பழக்கப் போகிறீர்கள், கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கமராவுக்குக் காசு தருகிறார், எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். இவ்வளவும் விளங்கியது. இதே கேள்வியை வேறு இரண்டு மூன்று ஆசிரியர்களும் கேட்டிருப்பதால் பதிலை எல்லாரும் பார்க்க இங்கேயே எழுதுகிறேன்.

கமரா வாங்க வேண்டாம். அந்தக் காசைப் படம் பிரிண்ட் போட வைத்திருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே நான் நடத்தும் இதே மாதிரி வகுப்பின் முதல் வருஷம், ஐந்து பிள்ளைகள் விடியற்காலையில் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். கடைகளுக்கு இடியப்பமும் பிட்டும் அவித்துக் கொடுப்பவர். படம் நன்றாகத்தான் வந்தது: ஆவி, அடுப்பு, குனிந்த முகம். அதை வாசிகசாலைச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டி, கீழே 'வறுமையின் பிடியில் வாடும் ஏழைத் தாய்' என்று எழுதினார்கள். பல வருஷம் பிராந்திய நிருபராக இருந்த நானும் அதை வாசித்துவிட்டுச் சரி என்று விட்டேன். பிழை பிள்ளைகளுடையது அல்ல.

மூன்றாம் நாள் அந்த அம்மா வாசிகசாலைக்கு வந்தார்.

"ஆரு மனே என்னை ஏழை எண்டு எழுதின?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்தான் பேசினார். நாலு கடைக்கு அவித்துக் கொடுக்கிறாராம். மூத்தவன் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறானாம். வீட்டுக் கூரை இந்த இடியப்பத்தில் போட்டதாம். பிள்ளைகள் இதில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள், தெரிந்த சொற்களைப் போட்டார்கள். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டார். எனக்கு உறைத்தது அதுதான்.

"சுனாமிக்குப் பிறகு எத்தினை பேர் வந்து படம் எடுத்த. ஒருத்தராவது ஒண்டைக் கொண்டுவந்து தந்தாங்களா? நீங்களும் தரல்லயே."

இந்தக் கரையில் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பது வேறு ஊர்களில் போல அல்ல, தங்கச்சி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் கமராக்கள் வந்து போன அளவுக்கு மீன் வண்டிகள் வந்திருக்காது. இலங்கையில் உயிர்கள் அதிகம் போன மாவட்டம் உங்கள் அம்பாறை, அங்கே எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்மிடம் வரும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் அந்தப் படங்களின் நடை அவர்களுக்கு அத்துப்படி. 'உதவி' என்று ஒரு படம் எடுத்து வாருங்கள் என்றேன் ஒருமுறை. ஒரு அரிசிப் பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கும் படத்தைக் கொண்டுவந்தார்கள். வாங்குகிறவர் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு. நான் சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்த சனி அவர்களுக்கு ஒரு பழைய படத்தைக் காட்டினேன். 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டொரத்தியா லாங் எடுத்தது. கையைக் கன்னத்தில் வைத்தபடி ஒரு தாய், தோளில் முகம் புதைத்த பிள்ளைகள். உலகத்தில் அதிகம் அச்சான படங்களில் ஒன்று. லாங் அந்தப் பெண்ணின் வயது 32 என்று குறித்துக்கொண்டார், பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் வெளியே தெரிய 1978 ஆனது. ஒரு பையன் தானாக எழும்பிப் பலகையில் கழித்துப் பார்த்து '42' என்று எழுதி வட்டம் போட்டான். அந்தப் படம் இத்தனை தடவை அச்சானதற்கு அவருக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை என்றதும் கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், அப்ப நாங்களும் அதைத்தானே செஞ்ச?"

அன்றைக்கே இரண்டு சட்டம் போட்டோம், போட்டது பிள்ளைகள். பெயர் கேட்காமல் படம் சுவரில் ஏறாது. ஒரு பிரிண்ட் அந்த ஆளின் கைக்குப் போகாமலும் ஏறாது. இரண்டாவதுதான் வகுப்பை மாற்றியது. திரும்பிப் போய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் வார்த்தையை அளந்துதான் எழுதும். நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்தப் பயத்தை ஊட்டியிருக்க முடியாது. அதனால்தான் காசைப் பிரிண்டுக்கு வையுங்கள் என்கிறேன். நாலுக்கு ஆறு அங்குலம் போதும், ஸ்டூடியோவில் மொத்தமாகக் கொடுத்தால் விலையும் பார்த்துப் போடுவார்கள்.

படம் எடுக்கத் தாய் தகப்பனின் போன் போதும். ஐந்து பேருக்கு ஒன்று. ஒருவர் எடுக்க, ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் பெயரையும் ஊரையும் எழுத்துப் பிழையில்லாமல் சரிபார்க்க, மிச்சம் ஒருவர் சும்மா பார்க்கட்டும். சும்மா பார்க்கிற பிள்ளைதான் பெரும்பாலும் நல்ல விஷயத்தோடு வரும். முதல் பாடம் லென்ஸைத் துடைப்பது. சிரிக்காதீர்கள், வீட்டுப் போன்களில் அவ்வளவு எண்ணெய். இரண்டாவது, முகத்தை வெள்ளையாக்கும் அந்த 'பியூட்டி' வித்தையை அணைப்பது. சில போன்கள் கேட்காமலே பூசிவிடும். நஷனல் ஜியோகிரஃபிக் 1982 பெப்ரவரி இதழின் அட்டைக்காக எகிப்தின் பிரமிட்டுகளையே கணினியில் நெருக்கி வைத்த கதையைச் சொன்னால் பிள்ளைகள் ஆவென்று கேட்பார்கள். இடம் பதிவாகும் வசதியையும் அணைக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் படத்தில் வந்தால் வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், பாடசாலைக் கழுத்துப்பட்டி தெரியக் கூடாது.

எடுக்கும் ஒழுங்கு நாங்கள் வைத்திருப்பது இப்படி: எட்ட நின்று இடம், பிறகு வேலை, பிறகு கை, பிறகு அந்த ஆள் எதைப் பார்க்கிறாரோ அது. முகம் கடைசி. அதற்குள் பேச்சு ஓடியிருக்கும், முகமும் இளகியிருக்கும்.

கேள்விகள்தான் பெரிய பாடு. வாவியில் வீச்சு வலையோடு நின்ற ஒருவரிடம் "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டது ஒரு பிள்ளை. நேர்முகம் என்றால் அப்படித்தான் என்று எங்கோ படித்திருக்கிறது. இப்போது ஒரு எண்ணோ ஒரு பொருளோ பதிலாக வரும் கேள்வியில் தொடங்கச் சொல்கிறேன். இன்றைக்கு எத்தனை கிலோ மா? இந்த நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) எப்ப வாங்கினது? பொருளைக் கேட்டால் ஆள் தானாக வருவார். 'ஏன்' கடைசியில் கேட்கட்டும்.

தாய் தகப்பன் பயப்படுவார்கள், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். "பிள்ளையைப் பத்திரிகைக்காரி ஆக்கப் போறீங்களா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை 2004 மே 31 அன்று வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொன்றது இந்த மட்டக்களப்பு நகரத்தில். அடுத்த வருஷம் ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் பிறந்ததும் இங்கேதான். அந்தத் தகப்பனுக்கு என்ன சமாதானம் சொல்ல? நான் வாதாடவில்லை, நீங்களும் வந்து இருங்கள் என்றேன். வந்தார், கடைசி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு. நாலாம் கிழமை, மகள் எழுதிய மீன் பெயர் பிழை என்று எழும்பித் திருத்தினார்.

இடியப்ப அம்மாவின் கதை முடியவில்லை. புதிய குறிப்பை எழுதி, பிரிண்டும் எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் போனார்கள். நான் தெருவில் நின்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் சரித்து, கனநேரம் பார்த்தார்.

"முகம் கறுத்துப் போச்சு மனே. நல்லா ஒண்டு எடுத்துத் தாங்க."

பிள்ளைகளுக்குள் சண்டை. 'பியூட்டி' போடலாம், அவர்தானே கேட்கிறார் என்று இரண்டு பேர். கூடவே கூடாது என்று இரண்டு பேர். அன்றைக்குச் சும்மா பார்க்கும் முறை வந்த பிள்ளைதான் சொன்னது, அடுப்பு அவருக்குப் பின்னால் இருந்தது, அதனால்தான் முகம் இருண்டது, கதவுப் பக்கம் திரும்பி இருக்கச் சொல்லிக் கேட்டால் என்ன என்று.

கேட்டார்கள். "அடுப்பைத் தூக்கி வைக்கவா சொல்றீங்க?" என்று ஏசினார், பிறகு பலகையை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டார். அடுத்த சனி விடிய நாலரைக்கு வரச் சொன்னார், நாலு மணிக்கே போய் நின்றார்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து அண்ணன்