பசலி 1434 என்றால் என்ன?

ஆசிரியருக்கு, மகாராஷ்டிரத்தின் பாதூர் நகராட்சிப் பெயர்ப் பலகையில் உருது இருக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (ஏப்ரல் 2025) குறித்த உங்கள் தலையங்கம் படித்தேன். சரி, ஆனால் உருது என்னவோ வடக்கத்தி சமாச்சாரம் என்கிற தொனி எதற்கு? தாசில்தார், ஜமாபந்தி, வசூல், ரசீது என்று நம் வருவாய்த் துறையே அரபு, பாரசீகத்திலிருந்து உருதுக்கும் நமக்கும் வந்த சொற்களில்தான் ஓடுகிறது.

எங்கள் ஊர் ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) அறிவிப்பில் ‘பசலி 1434’ என்று போட்டிருந்ததை, பக்கத்தில் நின்ற பையன் சர்வே எண் என்று நினைத்துக் குறித்துக்கொண்டான். ஃபஸ்ல் என்றால் உருதுவில் விளைச்சல்; அதிலிருந்து வந்த பசலி, வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு. ஜூலையில் தொடங்கும் அந்தக் கணக்கு ஆண்டோடு 590 கூட்டினால் 2024 வரும், இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அறிவிப்புகளில் பசலிக்குப் பக்கத்திலேயே 2024-25 என்றும் அச்சிடச் சொல்லுங்கள்.