பெயரை மறைத்தால் கணக்கு எப்படித் தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து மாற்றியிருக்கிறார்கள், இதைப் பற்றிப் போதுமான பேச்சே இல்லை. முன்பெல்லாம் ஒருவரின் விவரத்தைத் தர மறுக்க, அதற்கும் பொதுக் காரியத்துக்கும் சம்பந்தமில்லை என்றோ, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாகும் என்றோ அதிகாரி காரணம் காட்ட வேண்டும். இப்போது 'தனிநபர் தொடர்பான தகவல்' என்று சொன்னாலே போதும்.

பெயர் இல்லாத அரசுக் கணக்கு ஏது? 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பினர், அரசு வேலைக்கு வந்தவர்களின் பெயரும் கூலியும் எழுதும் மஸ்டர் ரோல் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரிலும் வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அந்தப் போராட்டத்தின் பலன்தான் 2005 சட்டம். அதற்கும் முன்னால் 1997லேயே இப்படி ஒரு சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, நாமே சும்மா இருக்கலாமா?

பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்று அதே தகவல் சட்டத்தில் 8(2) பிரிவு இருக்கிறதே என்கிறார்கள். சரி, பத்து ரூபாய் கட்டி முதியோர் உதவித்தொகைப் பட்டியலைக் கேட்கும் பாட்டி அதற்காகத் தகவல் ஆணையம் வரை போய் வாதாட முடியுமா?

நம் எம்.பி.க்கள் பழைய வாசகத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்