பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: நிரல் தேர்வைக் கணினியில் வையுங்கள்

மதிப்பிற்குரிய கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் என் தம்பியின் சி மொழி விடைத்தாளைப் பார்த்தேன். காகிதத்தில் பேனாவால் எழுதிய நிரல். ஓரிடத்தில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். இரண்டு வரி தள்ளி, பயனர் தட்டச்சு செய்வதை வாங்கும் 'கெட்ஸ்' ஃபங்ஷன். அதற்கு டிக் போட்டிருக்கிறார்கள்.

அரைப்புள்ளி விட்டுப்போனால், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே உடனே சொல்லிவிடும். கெட்ஸோ, வருகிற எழுத்துகளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே வாங்கி, மிஞ்சியதைப் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். 1988-இல் இணையத்தில் தானாகப் பரவிய மாரிஸ் வார்ம் என்ற நிரல், கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. 2011-இல் சி மொழியின் தரநிலையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா?

அதே நிரலைக் கணினியில் அடித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று பிழைச் செய்திகள் வந்தன. தம்பி ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. நோட்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். "எந்த வரியில் தப்பு என்று அதிலேயே இருக்கிறதே" என்றேன். "அதைப் படிக்க யாரும் சொல்லித்தரலையே அக்கா" என்றான். பதினைந்து நிரல்கள் அவனுக்கு மனப்பாடம். எழுதிய நிரல் ஓடாமல் நின்றால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. நிரலாளராக என் வேலை நாளில் பாதி, ஓடாத நிரலைச் சரிசெய்வதிலேதான் போகிறது.

அப்புறம் கேட்டான்: "டிகிரியை விட்டுவிட்டு ஆறு மாதக் கோர்ஸில் சேரட்டுமா?"

வேண்டாம் என்றேன். இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்க, கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட அல்காரிதம் (படிப்படியான வழிமுறை) இன்றும் பயன்படுகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ நிரல் மொழிகள் வந்துவிட்டன. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் ஊன்றிப் படிக்கக் காலம் வேண்டும், அந்தக் காலம் டிகிரியில்தான் கிடைக்கும் என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தக் காலத்தை நீங்கள் மனப்பாடத்தில் கரைக்கிறீர்கள். குறுகிய காலக் கோர்ஸ்காரர்கள் முதல் நாளே பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வைக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே ஓடினால் அவர்களை எப்படிக் குறை சொல்வது? வீட்டில் பெரியவர்களும் எந்த மொழிக்கு இப்போது மவுசு என்றே கேட்கிறார்கள். எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்க யாருமில்லை.

ஆகவே கேட்கிறேன். நிரல் தேர்வைக் கணினியில் வையுங்கள். கம்பைலர் இருக்கட்டும், பிழையைத் தேட உதவும் டீபக்கர் இருக்கட்டும், மொழியின் கையேடும் பக்கத்தில் இருக்கட்டும். பிழையுள்ள நிரலைக் கொடுத்து, திருத்தச் சொல்லி மதிப்பெண் போடுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கணினி இல்லையென்றால் பிரிவு பிரிவாக வையுங்கள். செய்முறைத் தேர்வை ஏற்கெனவே அப்படித்தானே நடத்துகிறீர்கள்?

பாடத்திட்டத்தை அடுத்த முறை திருத்தும்போது இதை எடுத்துப் பேசுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும், குறைந்தது கெட்ஸையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாணவன் ஒருவனின் அக்கா